தேதி சொல்வதற்கு முன்: ஆல்பம் டிசைன் செய்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: வேலூரில் காட்பாடிப் பக்கம், வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன். வயது 31. முகூர்த்த சீசனில் ராத்திரி இரண்டு, மூன்று மணி வரை சிஸ்டம் முன்னால்தான். கண் எரிகிறது. வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. ஃபோன் அடித்தாலே படபடப்பாக இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழு, யோகா செய், டைரி எழுது என்று வீடியோக்களில் சொல்வதை ஆரம்பிப்பேன். நாலு நாளில் நின்றுவிடும். இந்த மாதிரிக் கலைத் தொழிலில் இருப்பவர் தினமும் தன்னைப் பார்த்துக்கொள்ள உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்:

மரத்துப்போவது எந்த விரல் என்று நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்தே தொடங்குவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. இவை மரத்தால், மணிக்கட்டின் உள்ளே போகும் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தூக்கத்தில் கை மரத்து எழுந்து உதறிக்கொள்வது இதன் முக்கியமான அடையாளம். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில் இல்லை, முழங்கையில். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காருகிறவர்களுக்கும், கையை மடக்கிப் பிடித்து மணிக்கணக்கில் ஃபோன் பேசுகிறவர்களுக்கும் இது வரும். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கைக்கு மின்சாரம் பாய்வது போல் இருந்தால் கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். ஆக, ஒரே ‘கை மரத்தல்’ மூன்று வெவ்வேறு இடத்துக் கதையாக இருக்கலாம்.

கார்ப்பல் டனல் என்றால், மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் ஒன்றை இரவில் மட்டும் கட்டிக்கொண்டு தூங்குவதுதான் முதல் வைத்தியம். ஆறு வாரமாவது விடாமல் கட்ட வேண்டும். பகலில் அதைக் கட்டிக்கொண்டு மவுஸ் பிடிப்பது உதவாது; கட்டுக்கு எதிராகக் கை இன்னும் அழுத்தும். கூடவே ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். இவை சரியில்லாதவர்களுக்கு இந்த நரம்புச் சிக்கல் எளிதாக வரும். கட்டைவிரலின் அடிச்சதை மெலிகிறது, டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை என்றால் ஸ்ப்ளின்ட்டோடு நிற்காதீர்கள். நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சிஎம்சிக்கோ (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) போய்க் கையைக் காட்டுங்கள்.

சரி, இப்போது நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். ஆல்பம் டிசைனர்கள், கேமராக்காரர்கள், குடியாத்தம் பக்கத்து நெசவாளர்கள், ஆற்காடு செய்யாறு பக்கத்திலிருந்து கூத்துக்காரர்கள் என்று, கைத்திறனை வைத்துப் பிழைப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வலி எங்கே என்று கேட்ட அடுத்த நிமிடம் நான் கேட்கும் கேள்வி, “எந்தத் தேதிக்குத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டீர்கள்?” முதலில் புரியாமல் பார்ப்பார்கள். பிறகு அசட்டுச் சிரிப்பு ஒன்று வரும்.

நீங்கள் யோகாவை நாலு நாளில் விட்டதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. அந்த வீடியோக்கள் மாலை ஆறு மணிக்கு வேலை முடிகிறவர்களுக்கு எடுத்தவை. உங்கள் நாளை முடித்து வைப்பது கடிகாரம் இல்லை. நீங்கள் வாய்விட்டுச் சொன்ன டெலிவரி தேதி. அது தவறாக இருந்தால் அதற்கு மேல் எந்த நல்ல பழக்கத்தை ஏற்றினாலும் நிற்காது. அதனால் உடம்பைப் பார்த்துக்கொள்வது, பெண் வீட்டார் ஃபோன் செய்து “ஆல்பம் எப்போ கிடைக்கும்?” என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில் தொடங்குகிறது என்பேன். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. கலைஞன் கணக்குப் போடலாமா என்பார்கள். கணக்குப் போடாத கலைஞர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 40 ஷீட் ஆல்பம் ஒன்று. மூவாயிரம் படத்திலிருந்து தேர்ந்தெடுத்து, கலர் சரிசெய்வதற்கு ஆறு மணி நேரம். நிதானமாக வேலை செய்தால் மணிக்கு மூன்று ஷீட். ஆக டிசைனுக்கு 13, 14 மணி நேரம். கரெக்‌ஷனுக்கு ஒரு நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். மாப்பிள்ளையின் அத்தை படம் விட்டுப்போனது எப்போதும் கடைசியில்தான் தெரியும். மொத்தம் 24 மணி நேரம். ஒரு நாளில் கண்ணும் கையும் ஒழுங்காக ஒத்துழைத்து டிசைன் செய்ய முடிவது ஆறு மணி நேரம். அதற்கு மேல் உட்காரலாம், ஆனால் மறுநாள் பாதியை அழித்துத் திரும்பச் செய்வீர்கள். அப்படியானால் ஓர் ஆல்பத்துக்கு நாலு முழு நாள். கையில் ஏற்கெனவே இரண்டு இருந்தால், மூன்றாவது முடிவது 12-ஆம் நாள். அதன் பிறகு லேப், பிரிண்ட், பைண்டிங். நீங்கள் ஃபோனில் என்ன சொல்கிறீர்கள்? “அடுத்த வாரம் குடுத்துடறேன் சார்.”

அந்த இடத்தில்தான் மணிக்கட்டு வீணாகிறது. “பக்கத்துக் கடைல நாலு நாள்ல தர்றேங்கிறான்” என்று அவர் சொல்வார். சொல்லட்டும். “தருவாருங்க. எனக்கு ரெண்டு வாரம் ஆகும். அவசரமா வேணும்னா தாம்பூலம் வாங்குற படம் வரைக்கும் பத்து ஷீட் முதல்ல போட்டுக் குடுக்கறேன், மிச்சம் அப்புறம்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு முழு ஆல்பம் அன்றைக்கே தேவை இல்லை. மறுவீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் காட்ட ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். உண்மையிலேயே அவசரம் என்றால் அவசரத்துக்குத் தனி ரேட் வையுங்கள். காசு கூடுதல் என்றதும் பாதி அவசரம் காணாமல் போய்விடும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தை ஒரு தடவை இந்தக் கண்ணோடு உட்கார்ந்து பாருங்கள். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். செய்யாறு பக்கம் புரிசை இதற்குப் பேர்போன ஊர். ராத்திரி பத்து மணிக்குமேல் ஆரம்பித்து விடியும்வரை ஆட்டம். துரியோதனனோ கர்ணனோ, கட்டை வேஷம் கட்டுகிறவர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று மரத்தால் செய்த சுமையோடு சுழன்று சுழன்று ஆடுகிறார், கூடவே உச்சக்குரலில் பாடுகிறார். இதை ஒரு மனிதர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் செய்தால் கீழே விழுவார். ஆனால் விழுவதில்லை. ஏன்? அவர் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திரும்ப எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்கு மூச்சு திரும்புகிறது. முகவீணை நீண்டு ஒலிக்கும்போது தொண்டைக்கு ஓய்வு. ராஜா உட்கார்ந்திருக்க, கட்டியங்காரன் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைக்கிறான். ஜனங்களுக்கு அது நகைச்சுவை, வேஷக்காரருக்கு அது கால்மணி நேர இளைப்பாறல். ஒரு வேஷம் உள்ளே போனால் இன்னொன்று திரைக்குப் பின்னால் தயாராக நிற்கிறது. ஓய்வு என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை, ஆட்டத்தின் அமைப்பிலேயே அது இருக்கிறது. என்னிடம் முட்டி வலியோடு வரும் கூத்துக்காரர்களில் சிலர் ஆள் பற்றாக்குறையால் ஒரே ராத்திரியில் இரண்டு வேஷம் கட்டுகிறவர்கள். அமைப்பில் ஓட்டை விழுந்த இடத்தில் உடம்பு விழுகிறது.

உங்கள் வேலையில் அந்தக் கட்டியங்காரன் எது என்றால், ரெண்டர்; எடிட் செய்த வீடியோவை மெஷின் முழு ஃபைலாக்கித் தரும் நேரம். எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் பச்சைக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டோ, ஃபோனை எடுத்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டோ உட்காருவீர்கள். கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும் அது அதே வேலைதான். ரெண்டர் போட்டால் நாற்காலியை விட்டு எழுவது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குப் போங்கள், காய்ந்த துணியை எடுங்கள், அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வையுங்கள். இந்த விதிக்கு நினைவூட்டும் ஆப் எதுவும் வேண்டாம், மெஷினே கூப்பிடும். ஆல்பம் டிசைன் மட்டும் செய்கிற நாளில் ரெண்டர் வராது. அப்போது ஐந்து ஷீட்டுக்கு ஒருமுறை எழுங்கள்.

மவுஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கீபோர்டில் வலது பக்கம் எண் பலகை இருக்கிறது; அதைத் தாண்டி மவுஸ் வைப்பதால் தோள் நாள் முழுக்க வெளிப்பக்கம் விரிந்தே நிற்கிறது. எண் பலகை இல்லாத சின்ன கீபோர்டுக்கு மாறினால் மவுஸ் ஒரு சாண் உள்ளே வரும். பலருக்குத் தோள்வலி பாதியாகக் குறைவது இந்த ஒரு மாற்றத்தில்தான். படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு மவுஸே வேண்டாம், கீபோர்டில் எண் தட்டினாலே படத்துக்கு ரேட்டிங் போட்டுவிடலாம். இடது கையால் செய்யுங்கள். கேமரா ஆடாமல் பிடிக்கும் ஜிம்பலைக் கையில் வைத்து வீடியோவும் எடுக்கிறவர் என்றால் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலி தனியாக வரும். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு வருகிற அதே வலிதான் அது. நாற்காலிக்கு இருபதாயிரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். முழங்கை மேசை மட்டத்தில் வர வேண்டும், பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும். படாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு பலகை. லேப்டாப் என்றால் அதை உயர்த்தி வைத்துத் தனி கீபோர்டு. அவ்வளவு போதும்.

கண் எரிச்சலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் இமைக்காததுதான். சாதாரணமாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கண்ணீர்ப்படலம் காய்கிறது. இதில் வேலூர் வெயிலும், முகத்துக்கு நேரே சுழலும் டேபிள் ஃபேனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஃபேனை முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ திருப்புங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், காய்வது குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள் என்று கண் டாக்டர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஜன்னல் பக்கம் மேசை போட்டால் அது தானாக நடக்கும். நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீர்கள். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2023-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. அந்தக் காசில் பவர் இருக்கிறதா என்று ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது.

கண் சொட்டு மருந்தில் ஓர் எச்சரிக்கை. மெடிக்கலில் போய் “கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க” என்று கேட்டு வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். ஒரே நாளில் சிவப்பு போகும், சந்தோஷமாக மறுபடி மறுபடி போடுவீர்கள். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம், கண்புரை வரலாம். கண்ணை ஈரமாக வைக்கும் சாதாரணச் சொட்டு மருந்து வேறு, அது பாதுகாப்பானது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்குமேல் போட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி வெயில். தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. சுற்றியுள்ள மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரியில் கக்குகின்றன. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது மாடி அறை, அதுவும் மேற்குப் பார்த்தது, சில வீடுகளில் மேலே ஷீட் கூரை. அந்த அறையில் மதியம் இரண்டு மணிக்குக் கலர் கரெக்‌ஷன் செய்தால் மணப்பெண் முகம் மஞ்சளாகத்தான் வரும், உங்கள் தவறில்லை.

சித்திரையிலிருந்து ஆனிவரை நாளை இரண்டாக உடையுங்கள். காலை ஐந்தரையிலிருந்து பத்தரை, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. வீடியோக்காரர்கள் சொல்லும் ஐந்து மணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விடியற்காலையில் எழுவது புண்ணியம் என்பதற்காக இல்லை; அந்த அறையில் மனிதன் இருக்கக்கூடிய நேரம் அதுதான். மதியம் கீழ்த்தளத்தில் படுங்கள். கார்த்திகை, மார்கழியில் நீங்கள் ஒன்பது மணிக்கு எழுந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிர்விப்பதில்லை, சூட்டைத்தான் மேலே அடிக்கிறது. அந்த நேரத்தில் ஈரத்துண்டை கழுத்தில் போட்டுக்கொள்வது மேல்.

தண்ணீருக்கு லிட்டர் கணக்கு வேண்டாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். கரும்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. எழுந்து போக வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பவர்களுக்கு இந்த ஊரில் சிறுநீரகக் கல் வரிசையில் காத்திருக்கிறது. காலையில் வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக் கேழ்வரகுக் கூழ் குடிப்பதை வயலில் இறங்குகிறவர்கள் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள். பதினோரு மணிக்கு டீயும் பன்னுமாக முதல் உணவைச் சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ தேவலை. வெளியே ஷூட் போகிற நாளில் மட்டும், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி, கலக்கி எடுத்துப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும். சிஸ்டம் முன்னால் உட்காருகிற நாளுக்கு இது தேவையில்லை.

தூக்கத்தைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணி டீ, மூன்று மணிக்கும் உங்களுக்குள் இருக்கும். அதைத் தவிர நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போய்த் திரும்பும் பயணத்தை. முதல் நாள் காலையில் கிளம்பி, ரிசப்ஷன் முடித்து, மண்டபத்திலேயே கண்ணை மூடி மூடித் திறந்து, விடியற்காலை முகூர்த்தம் எடுத்து, பந்தியில் கடைசி வரிசையில் சாப்பிட்டு, வண்டியை எடுத்து ஹைவேயில் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வருவார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் விட்டுக்கொடுப்பது 0.03 வரைதான். அதாவது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் சட்ட வரம்பைத் தாண்டிய நிலையில் நீங்கள் ஓட்டுகிறீர்கள். மண்டபத்தில் மணமகள் அறை காலியானதும் ஒரு ஜமக்காளத்தில் 20 நிமிடமாவது படுத்து எழுந்து கிளம்புங்கள். முடிந்தால் திரும்பி வரும் வண்டிக்கு டிரைவர் செலவைப் பேக்கேஜிலேயே சேர்த்துவிடுங்கள்.

படபடப்புக்கு வருகிறேன். ஃபோன் மணிக்குப் பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்படுவது கரெக்‌ஷனுக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட்: “தம்பி, அந்த பதினேழாம் ஷீட்ல என் மச்சினி கண்ணை மூடியிருக்கா பாருங்க.” அதைக் கேட்டுவிட்டுத் தூங்கினால் மச்சினி கனவில் வருவார். கரெக்‌ஷன் இரண்டு முறைதான், ஒவ்வொரு முறையும் ஷீட் எண் போட்டு ஒரே பட்டியலாக, வீட்டில் ஒருவரிடமிருந்து மட்டும். இதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே எழுதி அனுப்புங்கள். மூன்றாவது முறைக்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று போடுங்கள். ஒன்பது மணிக்குமேல் வருவதை மறுநாள் பத்து மணிக்குத்தான் திறப்பேன் என்பதைத் தொழில் எண்ணின் ஸ்டேட்டஸிலேயே போட்டு வைக்கலாம். தொழிலுக்குத் தனி சிம் இல்லை என்றால் இன்றைக்கே வாங்குங்கள். இந்தப் பதிலில் மிக மலிவான வைத்தியம் அதுதான்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மனசு கனக்கிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது கலைஞனுக்கே உரிய மனநிலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை. நேரில் போக பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. பார்த்துவிட்டால் ஊரில் பேசுவார்கள் என்று தயங்குகிறவர்கள் அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு விசேஷத்தையே அழகுபடுத்துகிறவருக்கு, தன் கண்ணுக்கென்று எதையும் பார்க்காத வறட்சி வரும். அதற்கு இன்ஸ்டாகிராமைத் திறந்தால் சென்னைக்காரர் போட்ட டீசரைப் பார்த்து வயிறெரியத்தான் முடியும். கோட்டைக்குள் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை எப்போது நிதானமாகப் பார்த்தீர்கள்? முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் தூணில் நெருக்கியடித்து நிற்கும். ஒரே ஒரு தூணை எடுத்துக்கொண்டு, அவ்வளவு நெரிசலில் முதலில் கண் எங்கே போகிறது, பிறகு எங்கே இழுக்கப்படுகிறது என்று பாருங்கள். நாற்பது சொந்தக்காரர் முகத்தை ஒரு ஷீட்டில் அடக்க வேண்டிய நீங்கள் அதில் படிக்க வேண்டியது நிறைய. காலையில் அகழியை ஒட்டி நடந்துவிட்டு உள்ளே போனால் நடைப்பயிற்சிக்கும் ஆச்சு. கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இதைப் படிக்கும் வேறு தொழில்காரர்களுக்குச் சுருக்கமாக: கரிகிரி பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்கள் காய்ந்த களிமண் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். போர்டு எழுதுகிறவர்கள் கையில் பட்ட பெயின்டைத் தின்னரால் கழுவாதீர்கள், தேங்காயெண்ணெய் தேய்த்துச் சோப்பு போட்டால் போதும். பாடுகிறவர்களும் கூத்தாடுகிறவர்களும் தொண்டை கட்டியிருக்கும்போது குசுகுசுவென்று பேசுவது ஓய்வு என்று நினைக்கிறார்கள். பலருக்கு அது தொண்டையை இன்னும் சிரமப்படுத்தும், பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. அந்த ஒரு மாதத்தைத் தூங்கிக் கழிக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும், முதல் வாரம் தூங்குங்கள். அப்புறம் கண் பவர், சர்க்கரை, தைராய்டு, கொட்டைப்பாக்கு அளவாவது வலி இருந்தால் அதற்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று வரிசையாக முடித்துவிடுங்கள். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். கடந்த சீசனில் ஓர் ஆல்பத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று பழைய ஃபைல்களின் தேதியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். என் 24 மணி நேரக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்துப் புது ரேட்டையும், எத்தனை நாளில் தருவீர்கள் என்பதையும் ஒரே காகிதத்தில் அடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பே உங்களுக்கு வேலை கொடுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அனுப்பிவிடுங்கள். சீசன் நடுவில் சொன்னால் சண்டைதான் வரும்.